மாலையில் மட்டும் கூடும் பிளேட்லெட்: ஒரு கடற்கரை லேபின் நிகழ்வு ஆய்வு

புகார் ஒரே வரிதான்: "பிளேட்லெட் கணக்கை நம்ப முடியவில்லை." பிளேட்லெட் என்பது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு. அதை எண்ணும் கருவி நிற்கவில்லை, பிழைச் செய்தி எதுவும் காட்டவில்லை, காலையில் ஓட்டிய கன்ட்ரோல், அதாவது கணக்கு முன்பே தெரிந்த சோதனை ரத்தம், எல்லைக்குள்தான் இருக்கிறது. லேப் லேபாகப் போய்க் கருவிகளைப் பழுது பார்க்கும் ஃபீல்ட் சர்வீஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் புகார்தான் பெரிய தலைவலி. பம்ப் எரிந்து போனால் மாற்றிவிட்டு வந்துவிடலாம். நன்றாக ஓடிக்கொண்டே தப்பாகச் சொல்லும் கருவியிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரைக்கும் கரையோரமும், பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவும் என் பொறுப்பில் வரும். இந்த லேப் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது. பெயர் இங்கே தேவையில்லை. ரத்த அணுக்களை எண்ணும் த்ரீ-பார்ட் செல் கவுன்ட்டர் ஒன்று, ஒரு செமி ஆட்டோ அனலைசர், ரத்தத்தைச் சுழற்றிச் சீரம் பிரிக்கும், மோட்டாரில் கார்பன் பிரஷ் வைத்த பழைய சென்ட்ரிஃபியூஜ் ஒன்று, ஒரு மைக்ராஸ்கோப். டெக்னீஷியனாக ஒரு அக்கா, உதவிக்கு ஒரு பையன். உரிமையாளரான டாக்டர் முன்பக்கம் கிளினிக்கும் நடத்துகிறார். ஐப்பசி மழை இறங்கி, காய்ச்சல் சீசன் சூடுபிடித்திருந்த நேரம்.

நடந்தது இதுதான். மீன்பிடிக்கப் போகும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள். மாலையில் ரத்தம் கொடுத்தார். பிளேட்லெட் 62 ஆயிரம் என்று ரிப்போர்ட் போனது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடியும்போது ஈறில் ரத்தம். ராமநாதபுரம் கொண்டுபோனதும் அங்கே வந்த கணக்கு 21 ஆயிரம். டெங்குவில் ஒரே இரவில் இப்படிச் சரிவது உண்டு என்பதால் யாரும் லேபைக் குறை சொல்லவில்லை. ஆனால் செய்தி கேட்ட அக்கா அதோடு விடவில்லை. முந்தைய மாலையின் டியூப் இன்னும் ரேக்கில் இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடியில் மெல்லிசாக ஸ்மியர் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பின் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் பார்த்திருக்கிறார். லென்ஸில் ஒரே பார்வையில் தெரியும் வட்டம்தான் ஃபீல்டு. ஒரு ஃபீல்டில் ஒரு பிளேட்லெட், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. ஃபீல்டுக்கு ஒரு பிளேட்லெட் என்றால் ஏறக்குறைய 15 ஆயிரம் என்பது லேப்களில் புழங்கும் கணக்கு. 62 ஆயிரம் என்றால் சராசரியாக நாலு பிளேட்லெட்டாவது தெரிய வேண்டும். அதே டியூபைக் கருவியில் திரும்பவும் ஓட்டினார். 23 ஆயிரம்.

ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. போட்ட டியூபில் ஒரு இரவு இருந்தால் பிளேட்லெட் கொஞ்சம் ஊதும், எண்ணிக்கை கொஞ்சம் மாறும். மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகாது.

"தம்பி, ராத்திரி ஒரு கணக்கு சொல்லுது, விடிஞ்சா வேற கணக்கு சொல்லுது. மெஷினுக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கான்னு வந்து பாருங்க" என்றார் போனில். இந்த ஆய்வில் பாதி வேலை அந்த ஸ்மியரிலேயே முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படும் டெக்னீஷியன் இருக்கும் லேபுக்குப் போவது ஒரு தனி சுகம்.

அடுத்து வருவதைப் புரிந்துகொள்ள, இந்தக் கருவி எப்படி எண்ணுகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1953-ல் அமெரிக்காவின் வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றைக்கும் சின்ன லேப்களில் ஓடுகிறது. டைலூயன்ட் என்னும், மின்சாரத்தைக் கடத்தும் திரவத்தில் ரத்தத்தைக் கலக்கி, மிக நுண்ணிய துளை ஒன்றின் வழியாக இழுப்பார்கள். துளையின் இரு பக்கமும் மாறாத மின்னோட்டம் இருக்கும். ஒரு செல் உள்ளே நுழையும்போது அதன் அளவுக்குத் திரவம் விலகுகிறது, மின்தடை ஒரு கணம் கூடுகிறது, ஒரு சின்னத் துடிப்பு எழுகிறது. துடிப்பு உயரமாக இருந்தால் சிவப்பணு, குட்டையாக இருந்தால் பிளேட்லெட். சிவப்பணுவின் கன அளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். பிளேட்லெட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆக, பிளேட்லெட்டை எண்ணும் வாசல் மிகவும் தாழ்வானது. மின்சாரத்தில் வரும் இரைச்சல் எதுவாக இருந்தாலும் முதலில் அந்த வாசலில்தான் நுழையும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ரத்தத்தை 40 ஆயிரம் மடங்கு நீர்த்து, அதில் 300 மைக்ரோலிட்டரைக் கருவி எண்ணுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2 லட்சம் பிளேட்லெட் உள்ளவருக்கு 1,500 துடிப்பு கிடைக்கும். 20 ஆயிரம் உள்ளவருக்கு வெறும் 150. வெளியில் இருந்து 300 பொய்த் துடிப்பு உள்ளே வந்தால் இருவர் கணக்கிலும் 40 ஆயிரம் கூடும். முதலாமவருக்கு 2 லட்சம் 2.4 லட்சம் ஆகிறது, யாருக்கும் நட்டமில்லை. இரண்டாமவருக்கு 20 ஆயிரம் 60 ஆயிரம் ஆகிறது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிழை ஒன்றுதான். அது கடிக்கும் இடம் மட்டும் வேறு.

நான் போனது பகலில். பேக்கிரவுண்ட் ஓட்டினேன், அதாவது ரத்தம் வைக்காமல் டைலூயன்ட்டை மட்டும் எண்ணச் சொன்னேன். இந்த வகைக் கருவிகளில் பிளேட்லெட் பேக்கிரவுண்ட் 10 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. வந்தது (எல்லாம் ஆயிரத்தில்) 3, அப்புறம் 2, அப்புறம் 4. குறையே இல்லை. வழக்கமான சந்தேகங்களை வரிசையாகக் கழித்தேன். டைலூயன்ட் கேனில் பூஞ்சையோ பாக்டீரியாவோ வளர்ந்திருந்தால் அதையும் கருவி பிளேட்லெட் என்று எண்ணிவிடும். இந்த ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அது சகஜம். ஆனால் அது காலை, மாலை பார்க்காது. காற்றுக் குமிழி என்றால் சிவப்பணுக் கணக்கும் ஆட வேண்டும், அது ஆடவில்லை. துளையில் அடைப்பு என்றால் எண்ணும் நேரம் நீளும், அதுவும் இல்லை. உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தீவுப் பக்கம் போனால் இதுவே பாதி வேலை. இங்கே போர்டு சுத்தமாகத்தான் இருந்தது.

உதவிப் பையன் ஒரு யோசனை சொன்னான்: "பக்கத்துல ஐஸ் கம்பெனி மோட்டார் ஓடுது சார், அதனாலதான்." நல்ல யோசனைதான். ஆனால் ஐஸ் கம்பெனி கம்ப்ரசர் பகலிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பேக்கிரவுண்ட் 4-ஐத் தாண்டவில்லை.

மாலை வரை உட்கார்ந்திருப்பதென்று முடிவு செய்தேன். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், எத்தனை அழைப்பு, எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்க்கும் எங்கள் வேலையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஃபார்மில் இடமில்லை. ஆறு மணிக்கு மேல் கிளினிக்கில் கூட்டம் சேர்ந்தது, சாம்பிள்கள் வரத் தொடங்கின. இடையிடையே பேக்கிரவுண்ட் ஓட்டினேன். 41. அடுத்தது 4. அதற்கடுத்தது 38. சிவப்பணு பூஜ்யம், வெள்ளையணு 0.1. ஏறியது பிளேட்லெட் மட்டும்தான். துடிப்புகளை அளவு வாரியாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் பிளேட்லெட் வளைவு தரையில் இருந்து எழுந்து மேடாகி இறங்க வேண்டும். இங்கே இடது ஓரத்திலேயே சுவர் மாதிரி உயர்ந்து நின்றது. சர்வீஸ் மெனுவில் திரவ ஓட்டத்தை நிறுத்திவிட்டு, துளையின் மின்னோட்டத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். எதுவுமே ஓடாதபோதும் துடிப்பு வந்தது. திரவம் நிற்கும்போது துளைக்குள் போக செல்லே கிடையாது. அப்படியானால் இது மின்சாரத்தில் வரும் கோளாறு.

கண்ணை விடக் காதுதான் அதைப் பிடித்தது. கணக்கு ஏறும்போதெல்லாம் சென்ட்ரிஃபியூஜ் பாடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன், 3. போடச் சொன்னேன், 39. மறுபடி நிறுத்தினால் 4. காலையில் கன்ட்ரோல் ஓட்டும்போது லேபில் வேறெதுவும் ஓடாது. சீரம் பிரிக்கும் வேலையெல்லாம் மாலைக் கூட்டத்தோடுதான். காலைத் தேர்வில் கருவி தினமும் பாஸாகி, மாலையில் பொய் சொன்ன கதை இதுதான்.

சென்ட்ரிஃபியூஜின் பிளக்கை முன் அறைக்கு மாற்றியதும் பேக்கிரவுண்ட் 6-க்குள் இறங்கிவிட்டது. "சென்ட்ரிஃபியூஜ் இடம் மாற்றப்பட்டது, கருவி நலம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அப்படித்தான் பல கேஸ்கள் மூடப்படுகின்றன. ஆனால் இதே சென்ட்ரிஃபியூஜ் இதே மேசையில் பல வருஷமாக ஓடுகிறது, இப்போது மட்டும் ஏன்?

கேட்டதும் அக்கா சொன்னார். ஆவணியில் பின்பக்கம் டைல்ஸ் போட்டு, யூ.பி.எஸ்.ஸை வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். அதற்குப் பிறகு கருவியின் உடம்பைத் தொட்டால் "சுருக்" என்றிருக்கிறது. வயர்மேனைக் கூப்பிட்டுச் சரி செய்துவிட்டார்கள். அதன்பின் சுருக் இல்லை.

மல்ட்டிமீட்டரை எடுத்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 229 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் 229. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 0.0. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு கச்சிதம். அந்தக் கச்சிதம்தான் இடித்தது. லோடு ஓடும்போது நியூட்ரல் வயரில் மின்னோட்டம் போகிறது, அந்த வயருக்கென்று ஒரு மின்தடை இருக்கிறது, ஆகவே எர்த்தோடு ஒப்பிட்டால் சில நூறு மில்லிவோல்ட்டாவது தெரிய வேண்டும். சென்ட்ரிஃபியூஜைப் போட்டாலும் நிறுத்தினாலும் இங்கே ஒரு மில்லிவோல்ட் கூட அசையவில்லை. எல்லாவற்றையும் அணைத்து, யூ.பி.எஸ்.ஸை நிறுத்தி, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மின்தடை பார்த்தேன். 0.2 ஓம். சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர், நியூட்ரல் திருகில் இருந்து எர்த் திருகுக்கு.

வயர்மேன் அண்ணனை வரச் சொன்னோம். அவர் மறைக்கவில்லை. "எர்த் குழி எங்க இருக்குன்னே தெரியல சார், டைல்ஸ் போட்டு மூடிட்டாங்க. மெஷின் ஷாக் அடிக்குதுன்னு ஒரே நச்சரிப்பு. லூப் போட்டேன், நின்னுச்சு. எல்லா இடத்துலயும் இப்படித்தானே போடுறோம்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஷாக்கை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். ஏன் ஷாக் அடிக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கருவிகளின் பவர் சப்ளையில் பேஸுக்கும் உடம்புக்கும், நியூட்ரலுக்கும் உடம்புக்கும் இடையில் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அவற்றின் கசிவு பேசாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் அறுந்துபோனால் உடம்பு பாதி மின்னழுத்தத்தில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது, சுருக்கென்று மட்டும் இருக்கும். சொல்லப்போனால் எர்த் போய்விட்டது என்று கருவி கொடுக்கும் எச்சரிக்கை அது. நியூட்ரலை எர்த் பின்னில் சேர்த்தால் எச்சரிக்கை அடங்கிவிடும், எர்த் வந்துவிடாது. அதற்கு மேல் இரண்டு புதுத் தொல்லைகள் சேர்கின்றன. எங்காவது நியூட்ரல் அறுந்தால் கருவியின் உடம்பு முழு 230 வோல்ட்டுக்கு ஏறும், தொடுகிறவர் கதி அதோகதி. இரண்டாவதுதான் இந்த கேஸ். சென்ட்ரிஃபியூஜின் தேய்ந்த கார்பன் பிரஷ் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் பொறி விடும். அந்த இரைச்சல் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. அதே நியூட்ரல்தான் இப்போது செல் கவுன்ட்டரின் உடம்பும், துளையைச் சுற்றியிருக்கும் ஷீல்டும். இரைச்சலைத் தடுக்க வைத்த கவசமே அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தது.

மறுநாள் குழியைத் தேடினோம். அண்ணனே மழையில் நனைந்தபடி டைல்ஸை உடைத்தார். பழைய முறைக் குழி: இரும்புக் குழாய், சுற்றிக் கரியும் உப்பும். உள்நாட்டில் அது பிழைத்துக் கிடக்கும். இந்தக் கரையில் மண்ணிலேயே உப்பு இருக்கிறது, அதன் தலையில் இன்னும் உப்பைக் கொட்டினால் குழாய் எத்தனை நாள் தாங்கும்? மேலே செம்பு வயரைக் கட்டியிருந்த கிளாம்ப் பச்சைப் பொடியாகிக் கிடந்தது. குழாய் கை பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ஈரமான உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், எர்த் போடுவதற்கு நம் கடற்கரை நல்ல இடம்தான். இரும்பைத் தின்னும் என்பதால் மோசமான இடமும் இதுதான்.

புது எர்த்துக்கு, செம்பு பூசிய 3 மீட்டர் ராடுகள் இரண்டை 3 மீட்டர் இடைவெளியில் இறக்கினோம். கரி, உப்புக்குப் பதிலாக பென்டோனைட் களிமண் கலவை. மேலே திறந்து பார்க்கும்படி மூடி. எர்த் டெஸ்டர் வைத்து அளந்தபோது இரண்டும் சேர்ந்து 2 ஓமுக்குக் கீழே வந்தது. டாக்டர் கேட்டார்: "மெஷினுக்கு மட்டும் தனி எர்த் வேண்டும் என்று சொல்வார்களே?" சொல்வார்கள்தான். கட்டிடத்தின் எர்த்தோடு சேராத தனி எர்த், இடி மின்னல் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவில் இருக்கும் கருவியைத்தான் பலி கொடுக்கும். எல்லா எர்த் வயர்களையும் ஒரே உலோகக் கட்டையில் இணைத்தோம். லூப் வயரை நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். லூப் இருக்கும்போதே, சென்ட்ரிஃபியூஜைப் பழைய சாக்கெட்டில் ஓடவிட்டு மூன்று நிலைக் கன்ட்ரோலையும் ஓட்டி வைத்திருந்தேன். இலக்கு 58 இருந்த தாழ்நிலை 97 காட்டியது. 225-க்கு 262. 470-க்கு 505. மூன்றிலும் கூடியது ஏறக்குறைய ஒரே அளவு. கேலிபரேஷன், அதாவது கருவியின் அளவுத் திருத்தம், பிசகியிருந்தால் விழுக்காட்டுக் கணக்கில் கூடும், உயர்நிலையில்தான் அதிகம் தள்ளும். ஒரே அளவு கூடினால் வெளியில் இருந்து எதுவோ சேர்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் யாராவது மாலையில் கேலிபரேஷன் ஃபேக்டரைக் குறைத்திருந்தால், காலையில் எல்லாருக்கும் பிளேட்லெட் குறைவாக வந்து புதுக் குழப்பம் கிளம்பியிருக்கும். வேலை முடிந்தபின் சென்ட்ரிஃபியூஜைப் பழைய இடத்தில், பழைய போர்டிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். பேக்கிரவுண்ட் 2 முதல் 5. தாழ்நிலைக் கன்ட்ரோல் 57, அதையே மறுபடி ஓட்டினால் 60. சென்ட்ரிஃபியூஜுக்குப் புது பிரஷ் போட்டு, யூ.பி.எஸ்.ஸில் இருந்து பிரித்துத் தனி லைன் கொடுத்தோம்.

கருவி சரியாகிவிட்டது. ஆனால் ஆவணி முதல் மாலைகளில் வெளியே போன ரிப்போர்ட்டுகள்? இது சர்வீஸ் இன்ஜினியரின் வேலை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. பிழை எப்போது தொடங்கியது, எந்த அளவு, யாரை பாதிக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் நான்தானே? கருவியின் நினைவகத்தில் இருந்து மாலை ரிசல்ட்டுகளை எடுத்தோம். 2 லட்சத்துக்கு மேல் இருந்தவற்றை ஒதுக்கினோம், 40 ஆயிரம் கூடினாலும் குறைந்தாலும் அங்கே சிகிச்சை மாறப்போவதில்லை. அதற்குக் கீழே இருந்தவற்றில் ஹிஸ்டோகிராமின் இடது ஓரம் உயர்ந்தவற்றைப் பிரித்தோம். பலவற்றில் கருவி ஃப்ளாக், அதாவது எச்சரிக்கைக் குறி, காட்டியே இருந்தது. காய்ச்சல் சீசனில் எல்லா சாம்பிளிலும் ஏதாவது ஒரு ஃப்ளாக் வரும், கண் பழகிவிடும்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். சின்ன ஊர், ஒரு போன் போட்டால் பத்துப் பேர் காதுக்குப் போகும். அக்காதான் முடித்துவைத்தார்: "பேரு போறத அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர். இப்பக் காய்ச்சல்ல கெடக்குறவங்களுக்கு முதல்ல போன் போடுவோம்." அன்றைக்குக் காய்ச்சலில் இருந்தவர்களை மறுபடி வரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்த டியூப்களைத் திரும்ப ஓட்டினார்கள். மற்றவர்களின் டாக்டர்களுக்குத் தகவல் போனது. ராமநாதபுரத்தில் சேர்த்த அந்த மீனவர் தேறி வந்துவிட்டார். அவர் வீட்டுக்கு டாக்டரே நேரில் போய் விஷயத்தைச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கம்பெனியின் சர்வீஸ் ஃபார்மில் கோளாறுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: பம்ப், வால்வு, போர்டு, ரீஏஜென்ட், பயன்படுத்துபவர். எர்த் குழி இல்லை. 'மற்றவை'யில் எழுதினேன், போட்டோக்களை இணைத்தேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நியூட்ரல்-எர்த் மின்தடை பார்ப்பதையும், லேப் கூட்டமாக இருக்கும் நேரத்தில் பேக்கிரவுண்ட் ஓட்டுவதையும் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன். பட்டியல் இன்னும் மாறவில்லை. அதுவரை ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.

கிளம்பும்போது வயர்மேன் அண்ணனிடம், இதே மாதிரி லூப் வேறெங்கே போட்டிருக்கிறார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். இரண்டு லேப், ஒரு பல் மருத்துவமனை, ஒரு ஸ்கேன் சென்டர். லேப்கள் இரண்டும் என் பொறுப்பில் வருபவை, ஒன்றில் லூப்பை எடுத்தாகிவிட்டது. மற்றதில் வாடகைக் கட்டிடம் என்பதால் குழி தோண்ட வீட்டுக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறோம். அதுவரை அங்கே 1 லட்சத்துக்குக் கீழ் வரும் பிளேட்லெட் ஒவ்வொன்றுக்கும் ஸ்மியர் பார்க்கிறார்கள். மற்ற இரண்டு இடங்களுக்கும் அண்ணன் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.